காசு கொடுத்து வாங்கின கேம் யாரோடது?

நேத்து பரண்ல இருந்து பழைய டப்பா ஒண்ண இறக்கினேன், காலேஜ் டைம்ல வாங்கின கேம் டிஸ்க் எல்லாம் அதுலதான் கெடக்கு, ஒண்ண எடுத்து வேட்டித் துணியால தொடச்சுப் போட்டா அப்படியே ஓடுது. அக்கா பையன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல.

ஆனா தி க்ரூ கேமைப் பாருங்க. 2014 டிசம்பர்ல வந்த கார் ரேஸ், 2024 மார்ச் 31ல அத வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி சர்வரை நிறுத்தினாங்க, அதோட சரி, டிஸ்க் கையில இருந்தாலும் ஓடாது, தனியா ஆடுறவனுக்கும் சர்வர் இருந்தாத்தான் கேமே தெறக்கும். நானும் கோட் எழுதுறவன்தான், சர்வருக்குக் காசு ஆகும்னு தெரியும், காலம் பூரா ஓட்டுங்கன்னு யாரும் கேக்கல. நிறுத்துறதுக்கு முன்னாடி அந்த சர்வர் கட்டாயத்த எடுத்து கடைசியா ஒரு பேட்ச், அதாவது கேமைத் திருத்துற ஒரு அப்டேட், விடுங்க, அவ்ளோதான். ஆரம்பத்துலயே யோசிச்சு எழுதினா இது செய்யக்கூடிய வேலைதான், பத்து வருசம் கழிச்சு பிரிக்கப் போனாத்தான் உயிர் போகும். ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்ங்கற இயக்கத்துக்கு ஐரோப்பாவுல 10 லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டது இதுக்குத்தான். கலிஃபோர்னியாவுல 2025ல இருந்து, தர்றது வெறும் லைசென்ஸ் (பயன்படுத்துற அனுமதி மட்டும்தான், சொந்தமில்ல)னு தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்மூர்லயும் வரணும்ங்க.

கேமோட நிக்கல இது. எங்க வீட்டு வாசல் கேமராவோட ஆப்பை அந்தக் கம்பெனி போன மாசம் நிறுத்திருச்சு, கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல, பச்ச லைட்டு எரிஞ்சுகிட்டுதான் இருக்கு, கேட் சத்தம் கேட்டா முட்டி வலியோட அம்மாதான் எழுந்து போய் பாக்குறாங்க.