பனி இறங்கியதும் நிற்கும் வைஃபை

ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கம் கெஸ்ட்ஹவுஸ்களுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பதுதான் என் தொழில். "வைஃபை வரலை" என்று யார் அழைத்தாலும், நான் போவதற்குள் கூரையிலிருந்து வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்டை (ஏபி) கழற்றி, ரீசெட் பண்ணி, சில நேரம் புதிதாக ஒன்றையே வாங்கி மாட்டியிருப்பார்கள். நான் போய் முதலில் திறப்பது மாடிப்படிக்குக் கீழே, எல்லா நெட்வொர்க் வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

சுவிட்சில் வயர் செருகும் துளைக்குப் பெயர் போர்ட். கம்ப்யூட்டர் மாட்டும் போர்டையும் ஏபி மாட்டும் போர்டையும் ஒரே மாதிரி நினைப்பதால் வருகிற வினை இது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். ஏபிக்குப் பின்னால் முப்பது போன்கள், இரண்டு மூன்று தனித்தனி நெட்வொர்க்குகள். போதாததற்கு அது தனக்கு வேண்டிய கரண்டையும் அதே வயரில்தான் இழுக்கிறது.

கரண்டிலிருந்தே தொடங்குகிறேன். நல்லதண்ணியில் ஒரு கெஸ்ட்ஹவுஸ். டிசம்பர் உந்துவப் போயா பௌர்ணமியிலிருந்து மே வெசாக் போயா வரை சிவனொளிபாத மலை சீசன் என்பதால் அந்த மாதங்களில் அங்கே அறை கிடைப்பதே கஷ்டம். முதலாளி போனில் சொன்னார்: "தம்பி, பகல்ல நல்லாத்தான் வேலை செய்யுது. பின்னேரம் பனி இறங்குனா மேல்மாடி வைஃபை நின்னுருது. பனிக்கும் இதுக்கும் ஏதும் சம்பந்தம் இருக்கா?"

இருந்தது. அங்கே இருந்தது எட்டு பிஓஇ போர்ட் (நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுக்கும் போர்ட்) உள்ள சுவிட்ச். முதல் நாலு போர்டில் கேமராக்கள், அடுத்த மூன்றில் ஏபிகள். பெட்டியில் "8 பிஓஇ போர்ட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். எல்லாப் போர்டும் சேர்ந்து மொத்தமாக 60 வாட்தான் கொடுக்கும் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பகலில் ஒரு கேமரா 5 வாட் அளவில் எடுக்கிறது. நாலுக்கும் 20. ஏபி ஒன்றுக்கு 12 வாட் என்றால் மூன்றுக்கும் 36. ஆக 56, சமாளித்துவிடும். பனி மூடி வெளிச்சம் குறைந்ததும் கேமராக்கள் இரவு என்று நினைத்து இன்ஃப்ராரெட் விளக்குகளைப் போடுகின்றன. ஒவ்வொன்றும் 9 வாட்டுக்குப் போகிறது. இப்போது கணக்கு 72. சுவிட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு போர்டை வெட்ட வேண்டும். முன்னுரிமை எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால், பல சுவிட்சுகள் எண் கூடிய போர்டைத்தான் முதலில் வெட்டும். ஏழாவது போர்ட், அதாவது மேல்மாடி.

சுவிட்சின் பக்கத்தில் நின்று அதன் செட்டிங்கில் பிஓஇ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலரை மணிக்குக் காத்திருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேமராக்கள் ஒவ்வொன்றாக "டிக்" என்று இரவு முறைக்கு மாறும், வாட் எண் ஏறும், ஏழாவது வரிசை அணையும். முன்னுரிமையை மாற்றி ஏபியைக் காப்பாற்றலாம்தான். ஆனால் அப்போது இரண்டு கேமரா போய்விடும், அதை முதலாளி விரும்பவில்லை. 120 வாட் கொடுக்கும் சுவிட்ச் ஒன்றைப் போட்டோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்கள் இவை. 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் கொடுக்கும். வயரில் போகும் இழப்பைக் கழித்தால் ஏபிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. 2009இன் ஏடி தரத்தில் 30 கொடுத்தால் 25.5 சேரும். 2018இல் வந்த பிடி தரம் 90 வரை போகிறது, நம் ஊர் வேலைக்கு அது தேவைப்படுவது அரிது. ஏடி கேட்கும் ஏபியை ஏஎஃப் போர்டில் மாட்டினால் சில மாடல்கள் ஓடவே ஓடாது. சில, சிக்னல் பலத்தைக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். இரண்டாவதுதான் மோசம், யாருக்கும் காரணம் தெரியாது.

வயரும் இதில் சேர்த்தி. விலை குறைந்த கேபிள் ரோல் ஒன்றைத் தூக்கிப் பார்த்து அது லேசாக இருந்தால், ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை கூட. நீளமாக இழுத்தால் வோல்டேஜ் விழும், ஏபி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். நூறு மீற்றர் எல்லை என்பது சுத்தமான செம்புக்குச் சொன்னது. இந்த இடத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று எல்லா முதலாளிமாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது வீலேன், அதாவது ஒரே சுவிட்சிலும் வயரிலும் பிரித்து ஓட்டும் தனித்தனி நெட்வொர்க்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தேயிலை ஃபெக்டரியிலிருந்து பிஓபி, பிஓபிஎஃப் என்ற தேயிலை ரகங்கள் எல்லாம் ஒரே லொறியில்தான் போகும், ஆனால் ஒவ்வொரு மூட்டையிலும் கிரேட் அச்சடித்திருக்கும், இறக்குமிடத்தில் கலக்காது. பல வீலேன்களை ஒரே வயரில் கொண்டுபோகும் ட்ரங்க் போர்ட் செய்வதும் அதுதான். மூட்டையின் அச்சுக்குப் பதில் வீலேன் எண், அதற்குப் பெயர் டேக். நான் வழக்கமாக நிர்வாகத்துக்கு 10, ஆபீஸுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று வைப்பேன். ஏபி போர்ட் ட்ரங்க். நேட்டிவ் வீலேன் 10, டேக் இல்லாமல் போகும், ஏனென்றால் பெட்டியிலிருந்து எடுத்த புது ஏபிக்கு டேக் போடத் தெரியாது, சும்மாதான் ஐபி முகவரி கேட்கும். 20உம் 30உம் டேக்குடன். இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் அந்த போர்டில் அனுமதிக்க மாட்டேன்.

விருந்தினர் போனில் சிக்னல் முழுக்கக் காட்டுகிறது, ஆனால் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்றே நிற்கிறது என்றால், எங்கோ இரண்டு சுவிட்சுக்கு நடுவில் இருக்கும் ட்ரங்கில் 30 விடுபட்டிருக்கும். ஏபி போர்டில் சேர்த்தவர்கள் அப்லிங்கில் (ரவுட்டர் பக்கம் மேலே போகும் போர்டில்) சேர்க்க மறந்திருப்பார்கள். ஏபி இருக்கும் சுவிட்சிலேயே சும்மா கிடக்கும் ஒரு போர்டை வீலேன் 30க்கு மட்டுமான அக்சஸ் போர்டாக்கி லேப்டாப்பைச் செருகுங்கள். முகவரி கிடைத்தால் பிரச்சினை ஏபி பக்கம். கிடைக்காவிட்டால் சுவிட்சிலிருந்து மேலே தேடுங்கள்.

சீசனில் இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும். பஸ்ஸில் வருகிறவர்கள் பின்னேரம் வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, இரவு இரண்டு மணிக்கு மலை ஏறி, காலையில் இறங்கிப் போய்விடுவார்கள். அடுத்த பஸ் வந்துவிடும். ரவுட்டர் கொடுத்த முகவரிகளோ 24 மணி நேரத்துக்குப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சின்ன நெட்வொர்க்கில் இருப்பதே 254 முகவரிதான். விருந்தினர் வீலேனில் அந்த நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

போர்ட் செக்யூரிட்டி பற்றி ஒரு வார்த்தை. ஒரு போர்டில் ஒரு மேக் முகவரிதான் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) என்று கட்டுப்பாடு வைத்த ஆபீஸ் ஒன்றில் ஏபியை மாட்டியதும் முதல் போன் சேர்ந்த நொடியில் போர்ட் மூடிக்கொண்டது. போன்களின் மேக் முகவரிகள் அந்த போர்ட் வழியாகத்தான் சுவிட்சுக்குத் தெரியும். ஏபி போர்டில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும், இல்லை தாராளமாக உயர்த்த வேண்டும். அதற்குப் பதிலாக டிஎச்சிபி ஸ்னூப்பிங் (ஐபி முகவரியை யார் கொடுக்கலாம் என்று சுவிட்ச் கண்காணிப்பது) போடுங்கள், அப்லிங்கை மட்டும் நம்பகமானதாக வையுங்கள். யாராவது வீட்டிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினாலும் எல்லோருக்கும் தப்பான முகவரி போகாது. ஏபி போர்டுகளை ஸ்பேனிங் ட்ரீயில் (வயர்கள் வளையமாகிவிடாமல் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும் முறை) எட்ஜ் போர்டாக வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய முறையில் கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றும் 30 வினாடி சும்மா நிற்கும்.

மின்னலைச் சொல்லாமல் விட முடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மேலே பங்களா, கீழே சரிவில் காட்டேஜ் என்று இரண்டு கட்டடம் இருந்தால் நடுவில் செம்பு கேபிளை வெளியே இழுக்கவே கூடாது. ஃபைபர் போடுங்கள், கண்ணாடி மின்சாரம் கடத்தாது. அந்த ஃபைபரைத் தாங்கிப் போகும் இரும்புக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். கம்பி உள்ளே வந்தால் மின்னலும் வரும்.

எல்லாம் முடிந்ததும் கொன்ஃபிகரேஷனை சேவ் பண்ணுங்கள். பல சுவிட்சுகளில் நாம் மாற்றுவது சேவ் பண்ணும்வரை தற்காலிகம்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு டர்பன்டைன் மரம் லைனில் விழுந்து கரண்ட் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் புறப்படுவதற்கு முன் நானே சுவிட்சின் ப்ளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி, முதலாளியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கடைசி ஏபி வந்து அவர் போனில் இன்டர்நெட் ஓடும்வரை பார்த்துவிட்டுத்தான் பில் எழுதுவேன்.