சோலைவரிக்கு ஆட்சேபனை கொடுத்த அனுபவம்

வீடு வளவுக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் வரிதான் சோலைவரி. அப்பாவின் பெயரில் இருக்கும் வளவுக்கு அதற்கான புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. வருடப் பெறுமதி 18,000 ரூபாவிலிருந்து 42,000 ஆக ஏறியிருந்தது. ஒழுங்கையில் எல்லோருக்கும் கோபம். நானும் அதே கோபத்தோடுதான் சபைக்குப் போனேன்.

வருமானப் பகுதியில் இருந்த அலுவலர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று மதிப்பீட்டாளர் போடுவதுதான் வருடப் பெறுமதி. அதில் எத்தனை வீதம் வரி என்பதைச் சபை தீர்மானிக்கும். வீதம் கூட என்று ஆட்சேபனை எழுதிப் பலனில்லை, பெறுமதி பிழை என்றால் எழுதலாம்.

"என்னத்தை வைச்சு மதிச்சவை எண்டு பார்க்கலாமோ?"

"பாருங்கோ தங்கச்சி" என்று தாளைத் திருப்பி வைத்தார். நாலு அறை என்று இருந்தது. எங்களுக்கு மூன்றுதான். நாலாவது, போரால் வந்த 1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோதே கூரையில்லாமல் கிடந்த பின்னறை. இப்போது அதற்குள்ளே ஒரு வேம்பு சுவரைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. றோட்டிலிருந்து பார்த்தால் சுவர் மட்டும் தெரியும், அறை என்றுதான் தோன்றும்.

அறிவித்தலில் ஒரு மாத அவகாசம் போட்டிருந்தது. வேம்பையும் சேர்த்துப் படம் எடுத்து, கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் தரும் பதிவுத் துண்டைக் கவனமாக வைத்திருங்கள், விசாரணையில் முதலில் கேட்டது அதைத்தான். விசாரணை இழுபட்டது. அதற்காக வரியை நிறுத்தி வைக்கவில்லை. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டி 10 வீதக் கழிவை எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஆள் வந்து பார்த்து, பெறுமதியை 30,000 ஆகக் குறைத்தார்கள். கூடக் கட்டிய காசு அடுத்த வருடக் கணக்கில் கழிந்தது.

சரி, வரி நியாயமானது. ஆனால் கட்டும் காசு எங்கே போகிறது? மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வாய்க்கால் வேலைகளுக்கு ஒதுக்கியதும் செலவழித்ததும் எவ்வளவு என்று தமிழிலேயே எழுதிக் கேட்டேன். ஒழுங்கை ஒழுங்கையாகப் பட்டியல் வந்தது. எங்கள் ஒழுங்கை அதில் இல்லை.

அதன் பிரதியை வட்டார உறுப்பினரிடம் கையில் கொடுத்திருக்கிறேன். பாதீடு சபைக்கு வரமுன் இன்னொருமுறை போய்க் கேட்பேன். இந்த முறை பக்கத்து வீட்டு அன்ரியும் வருகிறேன் என்றிருக்கிறா.