பாதை மூடப்பட்டிருக்கிறது

வேலை முடிந்து காரில் ஏறியபோது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது: வார்டோவுக்குப் போகும் பாதை மூடப்பட்டிருக்கிறது. வீட்டில் எத்தனை கிலோ அரிசி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நினைவு மண்ணெண்ணெய். நோர்வேக்கு வந்த எட்டு வருடத்தில் மண்ணெண்ணெயைக் கண்ணாலும் கண்டதில்லை!

நான் இருப்பது அந்த வார்டோவில்தான், இந்த நாட்டின் வடகிழக்கு மூலையில், ஏறத்தாழ 2,000 பேர் வாழும் தீவு நகரசபையில். ஒரு காலத்தில் மீன் தொழிற்சாலைகளை நம்பி எங்கள் ஆட்கள் பலர் இந்தக் கரைக்கு வந்தார்கள். பிறகு ஒஸ்லோப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு வேலை கிடைத்தது 75 கிலோமீட்டர் தள்ளி, வாட்சோவில், ஒரு முதியோர் இல்லத்தில். கடலுக்கு அடியில் 88 மீட்டர் இறங்கி ஏறும் சுரங்கப்பாதையைத் தாண்டினால் பிறகு மரமே இல்லாத வெட்டவெளி. புயல் கிளம்பினால் தடுப்பைப் போட்டுவிடுவார்கள். காற்று கொஞ்சம் அடங்கியதும் பனி தள்ளும் வாகனம் முன்னே போக, கார்கள் வரிசையாகப் பின்னே போகவேண்டும். இதற்குக் 'கொலொன்னெ' என்று பெயர்.

அன்று தடுப்பில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். எரிபொருள் இருக்கிறதா, கம்பளி உடுப்பு இருக்கிறதா, மண்வெட்டி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். என்னிடம் புட்டும் மீன்குழம்பும் இருந்தன. அவர் அதைக் கேட்கவில்லை. முன்னால் நின்ற கிழவர் சூடான காப்பியை ஊற்றி, சாக்லேட்டை உடைத்து, சுற்றுலாவுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பொழுதுபோகாமல் அம்மாவை அழைத்தேன். பாதை மூடியிருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யார் மூடியது பிள்ளை, ஆமியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் மண்ணெண்ணெயை நினைத்தவள் நானல்லவா? 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது நாலு நாளில் திறந்துவிடுவார்கள் என்றார் அப்பா. 2009 வரை போனது. சீனிக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, திருகோணமலைக் கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பு. இங்கே மூன்று மணி நேரத்தில் திறந்தார்கள். தடுப்புக்காரர் கார்களை விரல் நீட்டி எண்ணினார். நான் ஏழாவது. முன் காரின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மறுமுனையில் இன்னொருவர் திரும்பவும் எண்ணினார். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. என் கைதான் கைப்பைக்குள் போய்விட்டது.

இப்போது எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. காரில் மண்வெட்டி இருக்கிறது, கம்பளி இருக்கிறது, கிழவரைப் பார்த்துச் சாக்லேட்டும் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். அலுமாரியில் மூன்று மூட்டை அரிசி கிடக்க, நாலாவதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கூடவே இரண்டு பெட்டி மெழுகுதிரி.