உறையும் எரிகற்களும்

உறைக்குள் ஆளுக்கு எவ்வளவு போடுவது என்ற கேள்வியிலேயே எங்கள் பயணம் நின்றுபோயிருக்கும்.

விடுதியில் நாங்கள் நான்கு பேர். டிசம்பர் தேர்வுகள் அப்போதுதான் முடிந்திருந்தன. 13-ஆம் தேதி இரவு ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும், நிலவு பின்னிரவில்தான் எழும், நகர வெளிச்சம் இல்லாத ஒரு மலைக்குப் போய்விட்டால் போதும் என்று நான்தான் ஆசை காட்டினேன். டிக்கெட் கிடையாது, இருக்கை கிடையாது, மல்லாந்து படுத்தால் காட்சி தொடங்கிவிடும். எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று பேச்சு வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. ஒருவன் துணிந்து ஒரு தொகை சொன்னான். இன்னொருவன் "பார்க்கலாம்டா" என்றான். விடுதியில் "பார்க்கலாம்" என்றால் கையில் காசில்லை என்று பொருள். அதற்குமேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். இப்படியே செத்துப்போன பயணங்கள் எங்கள் அறையில் நிறைய உண்டு.

இந்த முறை வேறு மாதிரி செய்தோம். நான்கு துண்டுச் சீட்டுகள். தன்னால் எவ்வளவு முடியும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணாக மட்டும் எழுதி மடித்துப் போட வேண்டும், பெயர் கூடாது. நான்கில் எது மிகக் குறைவோ அதுதான் எல்லோருக்கும். அதற்குள் அடங்கும் பயணம்தான் பயணம். மேலே ஒரு காசு யாரும் போடக் கூடாது, "பரவாயில்லை, நான் தர்றேன்" என்ற பெருந்தன்மைக்கும் தடை. வந்த தொகை நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிதான். அந்தச் சீட்டு என்னுடையது இல்லை என்று இங்கே எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது.

காசு முழுவதும் ஓர் உறைக்குள் போனது. உறை ஒருவன் கைக்குப் போனது. அவனை அன்றிலிருந்து பொருளாளர் என்றே கூப்பிடுகிறோம். வரவு, செலவு என்று கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் அவனிடம் இருந்தது. தண்ணீர் வாங்கினால்கூட எழுதிவிட்டுத்தான் மூடியைத் திறப்பான்.

12-ஆம் தேதி இரவு ரயில், முன்பதிவில்லாத பெட்டி. இரவில் பயணம் செய்தால் ஓர் இரவின் அறை வாடகை மிச்சம் என்பது மாணவர்களின் பழைய கணக்கு. உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கில் தூக்கத்தை யாரும் செலவுப் பக்கம் எழுதுவதில்லை. நாங்கள் கதவோரம் தரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். கட்டில் ஐம்பத்தொரு சீட்டுதான் இருந்தது. காணாமல் போன இஸ்பேட் ஏழை ஒரு பழைய தேர்வு நுழைவுச் சீட்டின் பின்பக்கம் வரைந்து சேர்த்துக்கொண்டோம். அது யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தெரியாத மாதிரி ஆட வேண்டும். இரண்டு மணி வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

காலையில் இறங்கிய ஊரில் ஓர் அருங்காட்சியகம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம். மூவர் அடையாள அட்டையை நீட்டினோம். நான்காமவன், எங்களில் நெட்டையன், பையின் எல்லா அறைகளையும் துழாவினான். அட்டை விடுதி மேசையில் இருந்திருக்கிறது. அவனுக்கு முழுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகும்போதுதான் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தோம்: ஞாயிறுகளில் அனுமதி இலவசம். அன்று சனிக்கிழமை. பொருளாளர் நோட்டில் அந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. கொடுத்த காசை வசூல் செய்தே தீருவது என்று மூன்று மணி நேரம் ஒரு நாணயத்தைக்கூட விடாமல் பார்த்தோம். அதனால் மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தை விட்டோம்.

வாடகை வண்டி கேட்ட தொகை உறையில் இருந்ததை விட அதிகம். சரி, நடப்போம்.

ஒன்பது கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம். வரைபடத்தை முதல் நாளே கைபேசியில் இறக்கி வைத்திருந்தோம். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, செயற்கைக்கோள் சமிக்ஞை இருந்தாலே இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு நெட்டையன், அட்டையை மறந்தவன், நெய்ஸ்மித் விதியைச் சொன்னான். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெய்ஸ்மித் என் காலணியைப் பார்த்ததில்லை. நான்காவது கிலோமீட்டரில் வலது காலணியின் அடிப்பகுதி வாயைப் பிளந்தது. கயிறு வைத்துக் கட்டினோம், நூறு அடிக்கு ஒருமுறை அவிழ்ந்தது. நாலரை மணி நேரம் ஆனது. காலணியில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஆனால் பேருந்தில் போயிருந்தால் முக்கால் மணி நேரம் ஜன்னலோரம் தூங்கியிருப்போம். நடந்ததால் வழியில் ஒரு சிற்றோடை கிடைத்தது. கால்களை நனைத்துக்கொண்டு வாழைப்பழமும் ரொட்டியும் தின்றோம். 'பார்க்கலாம்' என்றவன் அங்கேதான் வீட்டு நிலைமையைப் பற்றி முதல்முறையாகப் பேசினான். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியின் கடைசித் துண்டு மட்டும் அவனிடம் போனது.

மேலே இளைஞர் தங்குமிடம் ஒன்று. அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, போர்வைக்குத் தனிக் காசு. இந்த மாதிரி இடங்களுக்கு ஒரு மூலக்கதை உண்டு. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயலில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மேல் இரவைக் கழித்தார். பிள்ளைகளுக்கென்று மலிவான தங்குமிடங்கள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. எங்கள் மெத்தையும் ஏறக்குறைய வைக்கோல்தான். எங்களுக்கென்ன, படுக்கவா போனோம்?

பத்து மணிக்கு வெளியே வந்து ஒரு பாறைமேல் படுத்தோம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாவது ஆகும். நடுவில் யாராவது கைபேசியைத் திறந்தால் பழகிய கண் கெட்டு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால் கைபேசிகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தோம், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

ஜெமினிட் என்ற பெயர் மிதுன விண்மீன் கூட்டத்தால் வந்தது. எரிகற்கள் அந்தத் திசையிலிருந்து, நம் புனர்பூச விண்மீன்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். பெரும்பாலான எரிகல் பொழிவுகள் வால்மீன்கள் விட்டுப்போன தூசியால் வருகின்றன. இது 1983-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபைத்தன் என்ற சிறுகோளிலிருந்து வருவது. நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகம். மற்ற பொழிவுகளோடு பார்த்தால் இது நிதானம்தான், "அதோ" என்று கை நீட்ட நேரம் கிடைக்கும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மற்ற மூவரும் வாயை மூடச் சொன்னார்கள். நியாயம்தான், அந்த நேரத்தில் ஒன்று விழுந்திருந்தது, நான் மட்டும் பார்க்கவில்லை.

முதல் அரைமணியில் மூன்றே மூன்று. நெட்டையன் குறட்டை விட்டான். பதினொன்றரைக்கு மேல் நிலைமை மாறியது. ஒரே நிமிடத்தில் நான்கு விழுந்தன, அப்புறம் பத்து நிமிடம் ஒன்றுமில்லை, அப்புறம் கிழக்கிலிருந்து மேற்கு வரை பச்சையாக ஒரு கோடு. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குறட்டையும் நின்றது. ஒன்றேகாலுக்கு மேகம் வந்து மூடும்வரை மொத்தம் 58. பொருளாளர் சிவப்பு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணியிருக்கிறான். காலையில் பார்த்தால், அந்தக் கோடுகள் வரவுப் பக்கத்தில் இருந்தன.

திரும்பும்போது மறுபடி இரவு ரயில் பிடித்தது முட்டாள்தனம். ஒரு நாள் தூங்காமல் இருந்தால் சாகசம், இரண்டாம் நாள் சண்டை. ஜன்னலோர இருக்கைக்காக நாங்கள் பேசிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

விடுதிக்கு வந்து உறையைக் கொட்டினோம். ஆளுக்கு ஒரு தேநீர் குடிக்கும் அளவுக்கு மிச்சம் இருந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் நான் என் காலணிக்கான தையல் கூலியை நீட்டினேன். நடந்தது எல்லோருக்காகவும்தான், ஆகவே இது பொதுச்செலவு என்பது என் வாதம். காலணி ஏற்கெனவே செத்த காலணி, மலை வெறும் சாட்சி என்கிறான் பொருளாளர். மூன்று மாதம் ஆகிறது. நோட்டில் அந்த வரிக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது.