ஒரே ஜன்னல், இரண்டு பதிவேடு

9 ஜூன் 2025, திங்கள்

ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து இன்று வரிசை வாசல் வேப்பமரம் வரை நின்றது. பதினொரு மணிக்கு மேல் ஒரு டீச்சர் வந்தார். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதற்கு அமாக்ஸிசிலின் 5 நாளைக்கு எழுதியிருந்தார்களாம். கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை.

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டா கருத்தடை மாத்திரை வேலை செய்யாதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க மேடம். எதுக்கு ரெண்டையும் சேத்துப் போடணும்னு அதை நிறுத்திட்டேன். நாலு நாளாச்சு. இனி எப்ப ஆரம்பிக்கலாம்?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அமாக்ஸிசிலின் அந்த மாத்திரையை ஒன்றும் செய்யாது. அட்டையின் நடுவில் நான்கு மாத்திரை விட்டதுதான் ஆபத்து. இன்றே ஒன்றைப் போட்டுத் தொடருங்கள், அடுத்த 7 நாளுக்கு நிரோத் (ஆணுறை) கட்டாயம், இந்த நாட்களில் சேர்ந்திருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று உள்ளே அனுப்பினேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் படித்த காலத்தில் வகுப்பிலேயே சொன்னார்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஈஸ்ட்ரோஜன் மறுபடி இரத்தத்தில் சேர உதவுகின்றன, ஆன்டிபயாடிக் அவற்றைக் கொன்றுவிட்டால் ஹார்மோன் குறைந்துபோகும் என்பது கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெண்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவை எடுத்துப் பார்த்தபோது, அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின், மெட்ரோனிடசோல் போன்ற வழக்கமான மருந்துகளால் கருத்தடை கெடும்படி குறையவில்லை. பிரிட்டனில் இதற்கான மருத்துவர் அமைப்பு 2011இலேயே தன் பழைய எச்சரிக்கையை எடுத்துவிட்டது. மருந்தால் வாந்தியோ கடுமையான வயிற்றுப்போக்கோ வந்தால்தான் கவனம் வேண்டும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

மெடிக்கலில் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் "நிறுத்தாதீங்க" என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று.

11 ஜூன் 2025, புதன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுவதற்கு அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "பேரு போடாம எழுதுங்கக்கா" என்றாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றாள். ஸ்பின்னிங் மில் வேலை. கழுத்தில் நெறி கட்டி, ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று வந்து, ஏப்ரல் 7ஆம் தேதியிலிருந்து மருந்து. எடை 43 கிலோ, அதனால் தினம் மூன்று மாத்திரை. முதல் இரண்டு மாதம் முடிந்து, அடுத்த நான்கு மாத மாத்திரைக்கு மாறுகிற வாரம். அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நடுவுல நடுவுல பட்டுக்கிட்டே இருக்கு. மூணு வாரமாச்சு. டி.பி. மாத்திரை சூடா?"

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிடுகிறாள். மாலா-என். பத்து மாதமாக. எங்கிருந்து வாங்குகிறாள்? இதே ஜன்னலிலிருந்து. என் கையிலிருந்து.

இடப்பக்க அலமாரியில் காசநோய் மருந்து, அதற்கு ஒரு பதிவேடு. வலப்பக்கம் கருத்தடைக்கான நிரோத், மாலா-என், சாயா, அதற்கு வேறு பதிவேடு. இரண்டு பதிவேட்டிலும் அவள் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு மாதம் இரண்டையும் கொடுத்திருக்கிறேன். காசநோய் என்று வந்தவுடன் சர்க்கரை பார்த்தோம், ஹெச்.ஐ.வி. பார்த்தோம், புகை, குடி எல்லாம் கேட்டோம். குழந்தை வேண்டாம் என்று ஏதாவது சாப்பிடுகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கர்ப்பமா என்று பார்க்க டாக்டரம்மா உடனே சிறுநீர் பரிசோதனைக்குச் சொன்னார். சின்ன பிளாஸ்டிக் கப்பில் கொண்டு வந்தாள். ஃபாண்டா நிறம். காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படித்தான் போகும். அந்த நிறத்தைப் பற்றி முதல் நாளே "பயப்படாதே" என்று சொல்லியிருந்தோம், அதை மட்டும் மறக்கவில்லை. அட்டையில் விட்ட மூன்று சொட்டும் ஆரஞ்சாகவே ஓடின. முதல் கோடு எழுந்தது. ஐந்து நிமிடம் அவள் குழந்தையின் கொலுசைத் திருகிக்கொண்டு நின்றாள். இரண்டாவது கோடு வரவில்லை.

இரவு. தூக்கம் வரவில்லை.

ஆன்டிபயாடிக்குகளில் கருத்தடை மாத்திரையை நிச்சயமாகக் கெடுப்பது இந்த ஒரு குடும்பம்தான்: ரிஃபாம்பிசின், அதன் உறவுகளான ரிஃபாபென்டின், ரிஃபாபியூட்டின். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கிற நொதிகளை ரிஃபாம்பிசின் பெருக்கிவிடுகிறது. மாலா-என் மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எதினைல் ஈஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவு ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டும். நொதி பெருகிய கல்லீரல் அதைச் சீக்கிரமே கரைத்து வெளியேற்றிவிடும். இப்படி நடுவில் இரத்தம் படுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. 1971இல் ஜெர்மன் மருத்துவர்கள் இதையே எழுதிவைத்தார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்கள், கூடவே கருத்தடை மாத்திரை, நடுநடுவே உதிரம். 54 வருடம் கழித்து அதே அறிகுறியோடு ஒரு பெண் என் முன்னால் நின்றிருக்கிறாள்.

டீச்சருக்குத் தேவையில்லாத பயத்தைக் கொடுத்தார்கள். இவளுக்குக் கொடுக்க வேண்டிய எச்சரிக்கையை நான் கொடுக்கவில்லை.

12 ஜூன் 2025, வியாழன்

டாக்டரம்மா அவளை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

முதலில் சொன்னது: டி.பி. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். இரண்டாவது, அக்டோபர் முதல் வாரத்தில் மருந்து முடிந்ததும் மறுநாளே பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட முடியாது. பெருகிய நொதி அடங்க நாளாகும், 4 வாரம் சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக. நிரோத்: ஒவ்வொரு முறையும் தவறாமல் போட்டால் நல்லது, ஆனால் அது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று, அதன் வேலையை ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை. காப்பர் டி: அதில் ஹார்மோனே இல்லை, கல்லீரல் என்ன செய்தாலும் அதற்குக் கவலையில்லை, ஆனால் மாதவிலக்கு கொஞ்சம் அதிகமாகப் போகலாம், வலி இருக்கலாம்.

மனதுக்குள் நான் அந்தராவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, ஒரு ஊசியோடு முடிந்தது. அவள்தான் கேட்டாள்: "ஊசி போட்டா, அப்புறம் புள்ள வேணும்னா எத்தன மாசம் ஆகும்?" கடைசி ஊசிக்குப் பிறகு பத்து மாதம் வரைகூட ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் என்றார் டாக்டரம்மா. அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தை வேண்டும் என்று வைத்திருக்கிறாளாம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"வீட்ல கேட்டுட்டு வாரேன்."

அதுவரை நிரோத் கொடுத்தேன். கையில் இருக்கும் அட்டையை முடிக்கட்டும், மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொன்னோம்.

17 ஜூன் 2025, செவ்வாய்

கர்ப்பிணிகள் நாள். கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலில் அவள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"கம்பவுண்டரம்மா, எதுக்கு இந்தக் கம்பி வம்பெல்லாம்? அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிருமாம்ல. ஒத்தப் புள்ள போதும்னு ஆபரேஷனப் பண்ணி விட்ருங்க."

அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் தலைமுறைக்குக் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன் ஒன்றுதான். இன்றும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான். வேறு எதையும் யாரும் அவர்களிடம் எடுத்துக் காட்டியதில்லை.

டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து மாதிரிக் காப்பர் டி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு டி, தண்டில் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி, கீழே தூண்டில் நரம்பு மாதிரி இரண்டு நூல். மாமியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார். நூலை இழுத்துப் பார்த்தார். கர்ப்பப்பை ஒரு பை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது என்று டாக்டரம்மா படம் போட்டார்.

"எடுக்கணும்னா?"

"இந்த நூலைப் பிடிச்சு எடுக்கிறதுதான் அத்தை. அன்னைக்கே எடுத்துரலாமாம்" என்றாள் மருமகள். நாங்கள் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள்.

மாமியார் பேசாமல் அதை மேசையில் வைத்தார். சம்மதம் என்று சொல்லவில்லை. சம்மதம் சொல்ல வேண்டியவரும் அவர் இல்லை. மருமகள் முடிவு செய்துவிட்டாள்.

26 ஜூன் 2025, வியாழன்

விலக்கான மூன்றாம் நாள் வந்தாள். இடுப்புப் பகுதியில் காசநோய் இருந்தால் காப்பர் டி போடவே கூடாது, அதனால் டாக்டரம்மா முதலில் நன்றாகச் சோதித்தார். அப்படி எதுவும் இல்லை. பத்து நிமிட வேலை. வலித்தது என்றாள், பொறுக்கிற வலிதான் என்றாள். அட்டையில் போட்ட தேதியை எழுதிக் கொடுத்தேன்.

3 ஜூலை 2025, வியாழன்

இந்த ஒரு வாரமாக வேலை முடிந்த பிறகு இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பார்க்கிறேன். டாக்டரம்மா இனி காசநோய் அட்டை ஒவ்வொன்றின் மேலும் "கருத்தடை: என்ன முறை?" என்று பென்சிலிலாவது எழுதச் சொல்லியிருக்கிறார்.

நோயாளிகளை மட்டும் பார்த்தால் போதாது என்று இரண்டாம் நாள்தான் உறைத்தது. வீட்டில் ஒருவருக்கு நுரையீரலில் காசநோய் என்றால், நோய் வராமல் இருக்க மற்றவர்களுக்கும் வாரம் ஒரு முறை, 12 வாரத்துக்கு மாத்திரை தருகிறோம். அதில் இருப்பது ரிஃபாபென்டின். அந்தப் பெண்கள் நோயாளிகளே இல்லை, ஜன்னலுக்கு வருவதும் அபூர்வம். வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்களும் உண்டு. கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன் இரண்டும் கல்லீரலில் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை ஆன்டிபயாடிக் இல்லை என்பதால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்று பெயர் அகப்பட்டது. ஒருத்தி ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டாள், மாலா-என் எப்போதோ நிறுத்தியது. இன்னொருத்தி வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறாள், நேற்று வந்து டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டாள். மூன்றாமவள் மாமனாருக்குக் காசநோய் என்று மே மாதத்திலிருந்து வார மாத்திரை சாப்பிடுகிறாள், கூடவே மாலா-என். காலையிலிருந்து ஆறு முறை அடித்துவிட்டேன், போன் அணைத்தே கிடக்கிறது. கிராம செவிலியர் அக்காவிடம் முகவரியும் ஒரு பெட்டி நிரோத்தும் கொடுத்திருக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் போகிறார்.