பப் சுவரில் எழுதியிருக்கும் ஆண்டு

இங்கிலாந்தின் பழைய ஊர்களில் பப் வாசலிலேயே பெரிதாக ஓர் ஆண்டை எழுதி வைத்திருப்பார்கள். நாட்டிங்ஹாமின் 'யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்' சுவரில் இருப்பது கி.பி. 1189. இன்று நிற்கும் கட்டடமோ 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. செயின்ட் ஆல்பன்ஸில் உள்ள 'ஃபைட்டிங் காக்ஸ்' தன் வயது எட்டாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று உரிமை கொண்டாடியது. அந்த எண்கோணக் கட்டடம் முன்பு புறாக்கூடாக இருந்தது. அது மதுக்கடையாக நடந்ததற்குக் கிடைக்கும் முதல் சான்று 1756ஆம் ஆண்டினது.

கட்டடத்துக்கு ஒரு வயது, மது விற்கும் உரிமத்துக்கு ஒரு வயது, பெயருக்கு ஒரு வயது. மூன்றில் எது மூத்ததோ அதையே சுவரில் எழுதிவிடுகிறார்கள். பப்பின் வரலாறு வேண்டுமென்றால் உரிமத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏல் என்ற பீர் வகையை விற்பவர் இரண்டு நீதிபதிகளிடம் உரிமம் வாங்கி, ஒழுங்காகக் கடை நடத்துவதாகப் பிணைப்பத்திரம் தர வேண்டும் என்று 1552ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1753 முதல் 1828 வரை இவற்றுக்கு முறையான பதிவேடு உண்டு. அந்தந்த கவுண்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு சிக்கல்: பல பதிவேடுகளில் நடத்துபவரின் பெயரும் பாரிஷும் (தேவாலயப் பங்குப் பகுதி) மட்டுமே இருக்கும், கடையின் பெயர் இருக்காது. அந்த ஆளின் பெயரை வைத்துக்கொண்டு உயில், நிலவரிக் கணக்கு, பத்திரம் என்று தேடித்தான் எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியும்.

பலர் வழுக்கி விழுவது 1830இல். அந்த ஆண்டு வந்த பீர்ஹவுஸ் சட்டப்படி, வரி கட்டும் எவரும் ஆண்டுக்கு இரண்டு கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. அதனால் நீதிமன்றப் பதிவேடுகளில் இந்தக் கடைகள் தென்படுவதில்லை. 1869இல் இவையும் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது திடீரென்று பட்டியலில் முளைக்கும். அப்போதுதான் தொடங்கின என்று எண்ணிவிடக் கூடாது. 1841, 1851, 1861 குடிக்கணக்குகளில் அதே தெருவில் 'பீர் விற்பவர்' என்று யாராவது பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள்.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போவது ஆபத்து. ஒரே ஊரில் இரண்டு 'ரெட் லயன்' இருக்கலாம். பெயர்ப்பலகை எதிர்த்தெரு வீட்டுக்கு மாறியிருக்கவும் கூடும்.

கட்டடத்தைப் பார்க்கும்போது முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம், பரண், நிலவறை மூன்றுக்கும் போங்கள். ஜார்ஜியன் (18ஆம் நூற்றாண்டுப் பாணி) செங்கல் முகப்புக்குப் பின்னால் அதைவிடப் பழைய மரச்சட்டம் ஒளிந்திருக்கலாம். நேர்மாறாக, 1930களின் செங்கல் சுவரில் கறுப்புப் பலகைகளை ஒட்டி டியூடர் (16ஆம் நூற்றாண்டு மரச்சட்டப் பாணி) வேடம் போட்ட பப்களும் ஏராளம். அந்தப் பலகைகளில் மரத்தோடு மரத்தை இணைக்கும் உண்மையான பொருத்தோ முளையோ இருக்காது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி வயது காணும் மரவளைய ஆய்வு செய்தால், பட்டை வரை முழுதாக உள்ள உத்தரத்தில்தான் மரம் வெட்டிய ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். எதுவும் செருகாமல் வெற்றாக இருக்கும் பொருத்துத் துளைகள் தெரிந்தால், அது வேறொரு கட்டடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மரமாக இருக்கலாம். கிடைத்த ஆண்டைப் பப்புக்குச் சூட்டாதீர்கள்.

பழைய பத்திரங்களைக் காப்பகத்தில் பப் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால், அதை வாங்கிய மதுவடி ஆலையின் பெயரில் தேடுங்கள். ஆலை பப்பை வாங்கியபோது முந்தைய பத்திரங்களும் கைமாறியிருக்கும். பிறகு ஆலையின் ஆவணங்களோடு சேர்ந்து காப்பகத்துக்கு வந்திருக்கலாம்.