கூட்டுவட்டியில் ஒரு டவுட்டு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் தலைமுடி கொட்டத் தொடங்கியவர்கள்கூட ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலைப் பயபக்தியோடு படித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் டிஎன்பிஎஸ்சி கூட்டம். நானும் அதில் ஒருத்தி.

எதிர் வரிசையில் ஒருவன் உட்காருவான். அடிக்கோடு போடக்கூட ஸ்கேல் வைப்பான். போட்டு முடித்ததும், வாசலில் கோலம் போட்டவர்கள் நிமிர்ந்து தள்ளி நின்று பார்ப்பார்களே, அதுபோல ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையில்தான் விழுந்தேன். ஆனால் அவன் நிமிர்ந்தால் நான் குனிந்துவிடுவேன். அந்தப் புண்ணியத்தில் பத்தாம் வகுப்பு வரலாறு முழுசும் எனக்கு மனப்பாடம்.

“இன்டர்வியூல நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டா அப்பவும் இப்படித்தான் குனிஞ்சுப்பியாடி?” என்றாள் ஹாஸ்டல் தோழி.

“குரூப் 4-க்கு இன்டர்வியூ கிடையாது.”

“அதனாலதான் நீ குரூப் 4 படிக்கிறே.”

ரோஷம் வந்துவிட்டது. அங்கே யாரிடமும் போய்ப் பேச மரியாதையான வழி ஒன்றுதான்: டவுட்டு கேட்பது. அதிலும் கணக்கு என்றால் யாரும் விரட்ட மாட்டார்கள். குரூப் 4-இல் கணக்கு மட்டும் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க். எனக்குத் தூக்கத்தில்கூட வரும் கணக்காக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன். 5000 ரூபாய், 8 சதவீதம், 2 வருடம். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டில் தண்ணீரை மொத்தமாகக் குடித்துவிட்டுப் போய் நின்றேன். “ஏங்க, ஒரு டவுட்டு” என்பதில் “டவுட்டு” மட்டும்தான் வெளியே கேட்டது.

அவன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். ரஃப் நோட்டில் தேதி போட்டான். மார்ஜின் போட்டான். பொறுமையாகக் கணக்கைப் போட்டு, கடைசியில் 64 என்று எழுதி, ஸ்கேலை எடுத்து அதைச் சுற்றிக் கட்டம் கட்ட ஆரம்பித்தான்.

“தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்தான். ஆனால் தப்பான விடைக்குக் கட்டம் கட்டுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

“64 இல்லைங்க, 32. முதல் வருஷ வட்டி 400. அந்த 400-க்குத்தான் ரெண்டாவது வருஷம் கூடுதலா வட்டி போடணும். நீங்க 800-க்குப் போட்டுட்டீங்க. 400-க்கு 8 சதவீதம் 32, அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு ஒரு பக்கம் எதுக்கு?”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னது நான்தான் என்பது, பக்கத்து மேசைக்காரர் “உஷ்” என்ற பிறகுதான் உறைத்தது.

“அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா?” என்றான்.

பொய் சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே. “ஆமாங்க” என்று வந்துவிட்டது.

அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “குழாய், தொட்டி கணக்கும் வருமா?” என்றான்.

வரும் என்றேன். கேன்டீன் டீயோடு ஆரம்பித்த டியூஷன், ‘வேலையும் காலமும்’, ‘லாப நட்டம்’ என்று வளர்ந்தது. காதல் சொல்லப் போனவள் கோச்சிங் சென்டர் திறந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவைத்தாள் தோழி. சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். நம்பர் வாங்கியாயிற்று. வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் வம்பு என்று ‘கூட்டுவட்டி’ என்ற பெயரில் சேமித்து வைத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் குளித்துக்கொண்டிருக்க, போன் அடித்திருக்கிறது. வெளியே வந்தால் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

“எவன்கிட்டடி கடன் வாங்கியிருக்கே? ரெண்டு தடவை கூப்பிட்டுட்டான்!”

அப்பா டிவியை அணைத்துவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டார்: “அசல் எவ்வளவும்மா?”